கூண்டு மீனும் பொதுக் கணக்கும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் மீன் வளர்ப்போரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே நாட்டில் நடைபெறும் சால்மன் மீன் வளர்ப்பைப் பற்றிய விஷயமாகும். நெல்லும் கடலையும் பயிரிடும் நமக்கு, குளிர்ந்த கடலில் வளரும் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நார்வே நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. 1952-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் நார்வே அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கப்பெற்றது. துடுப்பையும் பாயையும் நம்பிக் கடலுக்குச் சென்ற மீனவர்களுக்கு விசைப்படகு வந்தது. பனிக்கட்டி நிலையங்கள் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியது. அதே சமயம், விசைப்படகு வாங்கும் வசதி உள்ளவர் ஒரு பக்கமும், பழைய வள்ளங்களில் தொழில் செய்வோர் மற்றொரு பக்கமுமாகப் பூசல் வளர்ந்தது. முடிவில், 1988 முதல் கேரளத்தில் மழைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

ஒரு புதிய கருவி வந்தால் அது என்ன வேலை செய்யும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது; அதன் பலன் யாரைச் சேரும், அதனால் வரும் கேட்டை யார் சுமப்பார் என்றும் கேட்கவேண்டும் என்பதை அந்த அனுபவம் நமக்குக் கற்பித்தது. இப்போது அதே நார்வே நாட்டில் காமிராவும் கணினியும் மீன் பண்ணைக்குள் புகுந்திருக்கின்றன. அவற்றால் ஆனது என்ன, ஆகாதது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அங்கும் பண்ணை எங்கே அமையலாம் என்று முடிவு செய்வதில் ஊர்ச் சபைக்குப் பங்கு உண்டு. ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்களாகிய தங்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

மீனும் கூண்டும்

சால்மன் என்பது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன். பண்ணையிலும் ஏறக்குறைய இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். கரையிலுள்ள நன்னீர்த் தொட்டிகளில் முட்டைகளைப் பொரிக்கச் செய்கிறார்கள். குஞ்சுகள் உப்புநீரைத் தாங்கும் பருவத்தை அடைந்ததும், கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் அவற்றை விடுகிறார்கள். அங்கே ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தீனி தின்று, 4 அல்லது 5 கிலோ எடை வந்ததும் அவை அறுவடையாகின்றன.

இத்தொழில் எளிய முறையில்தான் தொடங்கியது. 1970-ஆம் ஆண்டு மே மாதத்தில், நார்வேயின் ஹித்ரா தீவில் கிரொந்த்வெத் குடும்பத்துச் சகோதரர்களான ஓவே, சிவெர்ட் என்னும் இருவர், எட்டுமூலை வடிவில் மிதக்கும் கூண்டு ஒன்றை அமைத்து, அதில் 20,000 சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அந்த முயற்சி வெற்றி பெற்றதைக் கண்டு, கரையோரக் குடியானவர்களும் மீனவர்களும் தத்தம் கடலோரத்தில் கூண்டு கட்டத் தொடங்கினர். இன்று அந்நாடு ஆண்டொன்றுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் உற்பத்தி செய்கிறது. உலகில் பண்ணைகளில் வளரும் அட்லாண்டிக் சால்மனில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்தே வருகிறது.

கூண்டும் அதற்கேற்பப் பெரிதாகிவிட்டது. 160 மீட்டர் சுற்றளவுள்ள வட்டக் கூண்டுகள் இப்போது சாதாரணம். குறுக்கே அளந்தால் 50 மீட்டர் இருக்கும். ஆழம் 20 மீட்டருக்கும் மேல். ஒரு கூண்டில் 2 லட்சம் மீன் வரையில் விடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு கன மீட்டர் நீரில் 25 கிலோ மீனுக்கு மேல் இருக்கலாகாது என்றும் விதி உண்டு.

இத்தனை மீனையும் மேலே நின்று எப்படிப் பார்ப்பது? கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு, தண்ணீருக்கடியில் எத்தனை கெண்டை இருக்கிறது, அவற்றுள் எத்தனை நோய்ப்பட்டிருக்கிறது என்று சொல்ல நம்மில் யாரால் முடியும்? மாட்டுக்கு நோவு கண்டால் தொழுவத்தில் அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீருக்கடியில் இருக்கும் பிராணியின் முகம் தெரிவதில்லை. காமிராவும் கணினியும் சால்மன் பண்ணைக்குள் வந்ததற்குக் காரணம் இதுவே.

தீனிக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்று நம் பெரியோர் சொல்வார்கள். சால்மன் பண்ணையாளருக்கு இது வெறும் பழமொழியன்று. உற்பத்திச் செலவில் ஏறத்தாழப் பாதி தீனிக்கே போய்விடுகிறது. போட்ட தீனியை மீன் தின்னாவிட்டால், அது வலைக்கண் வழியாக அடித்தளத்தில் விழுந்து அழுகும். பணமும் போகும், கடலின் அடித்தரையும் கெடும். மாறாக, தீனி குறைந்தாலோ மீன் சரிவர வளராது.

முன்னாட்களில் பண்ணையாளர் கூண்டின் ஓரத்தில் நின்று, அகப்பையால் தீனியை அள்ளி வீசி, மீன்கள் மேலே துள்ளுவதைப் பார்த்து, பசி அடங்கியதா இல்லையா என்று அனுமானித்தார். இப்போது கூண்டுகளுக்கு நடுவே ஒரு தெப்பம் நிற்கிறது. அதிலுள்ள தீனி, குழாய்கள் வழியாகக் காற்றின் விசையால் ஒவ்வொரு கூண்டுக்கும் செலுத்தப்படுகிறது. நீருக்கடியில் தொங்கும் காமிரா, மீன் தீனியைக் கௌவுவதையும், கௌவாமல் விட்ட உருண்டைகள் கீழே இறங்குவதையும் காட்டுகிறது. கரையிலுள்ள ஓர் அறையில் அமர்ந்திருக்கும் ஊழியர் பல கூண்டுகளின் படங்களை ஒருங்கே பார்த்து, உருண்டைகள் வீணாக இறங்கத் தொடங்கியதும் தீனியை நிறுத்துகிறார். சில பண்ணைகளில் கணினியே அந்த உருண்டைகளை இனங்கண்டு, தீனியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது.

காமிராவோடு வேறு அளவுகருவிகளும் உண்டு. நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம், நீரில் கரைந்துள்ள பிராணவாயு ஆகியவற்றை அவை இடைவிடாது அளக்கின்றன. பிராணவாயு குறையும்போது மீனுக்குப் பசி மந்தமாகும். அந்நேரத்தில் தீனி போடுவது வீண். இரு கண்களைப் போல அமைந்த இரட்டைக் காமிராக்கள், நீந்திச் செல்லும் மீனின் நீளத்தையும் பருமனையும் அளந்து அதன் எடையைக் கணிக்கின்றன. இந்த எடைக் கணக்கு பண்ணையாளருக்கு மட்டும் வேண்டியதன்று. அந்நாட்டில் மீன் வளர்க்கும் உரிமம் எடையின்பேரிலேயே வழங்கப்படுகிறது. ஒரு சாதாரண உரிமத்துக்கு ஒரு நேரத்தில் 780 டன் மீனுக்கு மேல் கடலில் வைத்திருக்கலாகாது. வடகோடிப் பகுதிகளில் 945 டன் வரை வைத்திருக்கலாம். ஆகையால், கூண்டில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதற்கு அரசாங்கத்தாரிடமும் பதில் சொல்லியாக வேண்டும்.

இவற்றால் ஏற்பட்டுள்ள சிக்கனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதே சமயம், அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பெரும்பாலும் மீன்தூளும் மீனெண்ணெயுமாக இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி சோயாவும் கடுகின வித்துக்களின் எண்ணெயும்தான். சோயா பெரிதும் பிரேசில் நாட்டிலிருந்து கப்பலேறி வருகிறது. கூண்டுக்குள் ஓர் உருண்டைகூட வீணாகாமல் காமிரா பார்த்துக்கொள்ளும். அந்தச் சோயா விளைந்த நிலத்தில் என்ன நடந்தது என்பதை அது பார்ப்பதில்லை.

பேன் எண்ணும் வேலை

சால்மனுக்கு வரும் பெருந்தொல்லைகளுள் ஒன்று கடற்பேன். நம் குளத்து மீன்களிலும் மீன்பேன் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறோம். கடற்பேன் வேறு இனம். ஆயினும் செய்யும் தீமை அதே வகையானது. மீனின் தோலையும் சளியையும் இரத்தத்தையும் தின்று புண்ணாக்கிவிடும். ஒரு கூண்டில் லட்சக்கணக்கான மீன்கள் நெருங்கி வாழ்வதால், பேன் பெருகுவதற்கு அது நல்ல இடமாகிவிடுகிறது. பேனின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பல கிலோமீட்டர் செல்லும். அவை அடுத்த பண்ணையைச் சேரும். ஆற்றிலிருந்து வசந்த காலத்தில் கடலுக்கு இறங்கும் காட்டுச் சால்மன் குஞ்சுகளின் மீதும் ஒட்டும். விரலளவே உள்ள அந்தக் குஞ்சு, சில பேன்கள் ஒட்டினாலே மாண்டுவிடும்.

ஆகவே நார்வே அரசாங்கம் ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஒரு மீனுக்குச் சராசரி 0.5 வளர்ந்த பெண் பேனுக்குக் குறைவாகவே இருக்கவேண்டும். அதாவது, இரண்டு மீனுக்கு ஒரு பேன்கூட ஆகாது. காட்டுக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வாரங்களில் வரம்பு 0.2, ஐந்து மீனுக்கு ஒன்றுகூட ஆகாது. நீர் மிகக் குளிர்ந்த காலம் நீங்கலாக, வாரந்தோறும் எண்ணி அறிவிக்க வேண்டும்.

எண்ணுவது எப்படி? கூண்டிலிருந்து பத்து இருபது மீன்களைப் பிடித்து, மயக்க மருந்து கலந்த நீரில் இட்டு, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்து எண்ணவேண்டும். 2 லட்சத்தில் இருபதைப் பார்த்து மற்றவற்றுக்குக் கணக்குச் சொல்வது எவ்வளவு நிச்சயமற்றது! மேலும், வலைக்கு எளிதில் அகப்படும் மீன் பெரும்பாலும் சோர்ந்த மீனாக இருக்கக்கூடும். காற்றும் அலையும் மிகுந்த குளிர்நாட்களில் இந்த வேலையின் சிரமத்தையும் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வேலையை இப்போது, அதிகாரிகளின் அனுமதி பெற்ற பண்ணைகளில், காமிரா செய்கிறது. கூண்டுக்குள் நீந்தும் மீன்களை அது படமெடுக்க, கணினி அப்படங்களில் பேனைக் கண்டுபிடித்து எண்ணுகிறது. மீனைப் பிடிக்க வேண்டியதில்லை, மயக்க வேண்டியதில்லை, இருபதுக்குப் பதிலாக மிகப் பல மீன்களைப் பார்க்க முடிகிறது. 2014 முதல் வேறொரு கருவியும் பண்ணைகளுக்கு வந்துள்ளது. அது பேனைக் கண்டதும் லேசர் ஒளியைப் பாய்ச்சி அதைச் சுட்டுவிடுகிறது. சால்மனின் பளபளப்பான செதில் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடும். கருத்த பேன் அவ்வொளியை ஏற்றுக் கருகிவிடும். இதுவே அக்கருவியின் தத்துவம்.

அண்டை வீட்டாருக்கும் தெரியும் கணக்கு

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, காமிராதான் நார்வேயின் பெரிய சாதனை என்று தாங்கள் எண்ணலாம். எண்ணிய கணக்கை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே நாம் அதைவிட முக்கியமாகக் கருதுகிறோம்.

ஒவ்வொரு பண்ணையும் அறிவிக்கும் பேன் கணக்கு, பண்ணையின் பெயரோடும் இடத்தோடும், பாரண்ட்ஸ்வாட்ச் என்னும் அரசாங்கப் பொதுத்தளத்தில் வெளியாகிறது. எந்தப் பண்ணையில் பேன் வரம்பு மீறியது, எந்தப் பண்ணையில் தொற்றுநோய் கண்டது என்பதை யாரும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அண்டைப் பண்ணையாளர் பார்க்கிறார், ஆற்றில் தூண்டில் போடுபவர் பார்க்கிறார், பத்திரிகைக்காரர் பார்க்கிறார், ஊர்ச் சபை அங்கத்தினரும் பார்க்கிறார். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களுள் ஒன்றில் பூச்சி விழுந்தால், அதை மறைத்து வைப்பதால் மற்ற வயல்களுக்கு நேரும் நஷ்டத்தை நாம் அறிவோம். கடலும் அத்தகையதொரு பொது வாய்க்கால்தான்.

கணக்கு வெளியானால் போதுமா? அதன்மேல் ஒரு முடிவு எடுக்கவேண்டும். அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 2017-ஆம் ஆண்டு முதல் நார்வேயின் கரை 13 உற்பத்தி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பண்ணைகளின் பேன் கணக்கு, நீரோட்டம், வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு, பேனால் எத்தனை காட்டுக் குஞ்சுகள் மாண்டிருக்கும் என்று விஞ்ஞானிகள் கணினியில் மதிப்பிடுகிறார்கள். கடலில் உண்மையாகவே குஞ்சுகளைப் பிடித்தும் பார்க்கிறார்கள். சாவு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானால் வட்டாரம் பச்சை. பத்து முதல் முப்பது வரையில் மஞ்சள். அதற்கும் மேலானால் சிவப்பு. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கம் நிறத்தை அறிவிக்கிறது. பச்சை வட்டாரத்தில் உற்பத்தியை நூற்றுக்கு 6 கூட்டிக்கொள்ளலாம். மஞ்சளில் இருந்தபடியே இருக்கவேண்டும். சிவப்பில் நூற்றுக்கு 6 குறைக்கவேண்டும்.

2020-ஆம் ஆண்டில் மேற்குக் கரையின் இரு வட்டாரங்கள் சிவப்பென்று அறிவிக்கப்பட்டு, உற்பத்தியைக் குறைக்க உத்தரவாயிற்று. தம் பண்ணையில் பேன் குறைவாக இருந்தும் வட்டாரம் முழுவதுக்கும் சேர்த்துத் தண்டிப்பதா என்று பண்ணையாளர் பலர் நீதிமன்றம் சென்றனர். 2021-இல் அந்த நீதிமன்றம் அரசாங்கத்தின் முடிவையே ஏற்றது. அவர்களுடைய மனக்குறை நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். பொது நீரில் தொழில் செய்பவர் பொதுப் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது என்பதையே நாம் கவனிக்கவேண்டும்.

கருவியால் ஆகாதவை

இனி, மனத்தை வருத்தும் பகுதிக்கு வருவோம். இத்தனை காமிராக்கள் இருந்தும் மீன்கள் சாவது நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் நார்வேயின் கடற்கூண்டுகளில் 6 கோடியே 28 லட்சம் சால்மன்கள் செத்தன. அது நூற்றுக்கு 16.7 ஆகும். 2024-இல் அது 5 கோடியே 78 லட்சமாக, அதாவது நூற்றுக்கு 15.4 ஆகக் குறைந்தது, ஆயினும் பெருந்தொகையே. ஆறில் ஓர் ஆடு ஒவ்வோராண்டும் மடிந்தால் எந்த மந்தைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்?

காரணங்கள் பல. நோய்கள் ஒரு பக்கம். பேனுக்குச் செய்யும் சிகிச்சையே மற்றொரு பக்கம். முன்பு மருந்திட்டுப் பேனைக் கொன்றார்கள். காலப்போக்கில் பேன் மருந்துக்குப் பழகிப்போயிற்று. பின்னர் மீன்களைக் குழாய்களில் இழுத்து, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நனைத்தோ தூரிகையால் தேய்த்தோ பேனை உதிர்க்கத் தொடங்கினர். குளிர்நீரில் வாழும் மீனுக்கு அது பெரும் வேதனை. செவுள் கெட்டிருக்கும் மீன் அதைத் தாங்காமல் சாகிறது. பேனைத் தின்பதற்கென்று கூண்டில் விடப்படும் சிறு மீன்களும் பெருமளவில் மடிகின்றன. இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். பேன் வரம்பைக் காப்பது காட்டு மீனுக்கு நன்மை. அதற்காக ஓயாமல் செய்யும் சிகிச்சை கூண்டு மீனுக்குத் தீமை. எண்ணுவது எளிதாகிவிட்டதால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

இயற்கையின் சீற்றமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் வட நார்வேயில் நுண்பாசி ஒன்று திடீரெனப் பெருகி, சில வாரங்களுக்குள் சுமார் 80 லட்சம் மீன்களைக் கொன்றது. செவுளைத் தாக்கும் அந்தப் பாசியைக் கண்ட பின்பு கூண்டுகளை வேறிடத்துக்கு இழுத்துச் செல்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பலருக்கு அதற்கும் நேரமிருக்கவில்லை.

இதற்கு மாறாக, உண்மையாகவே பலித்த ஒரு சீர்திருத்தத்தையும் சொல்கிறோம். 1987-இல் நார்வேப் பண்ணைகள், நோயைத் தடுக்க ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பயன்படுத்தின. அப்போது உற்பத்தி இன்றைக்குள்ளதில் ஒரு சிறு பங்கே. பின்னர் விஞ்ஞானிகள் நல்ல தடுப்பூசிகளைக் கண்டுபிடித்தனர். கடலில் விடுவதற்கு முன்பே ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி போடும் பழக்கம் வந்தது. இன்று உற்பத்தி பன்மடங்கு பெருகியும், அம்மருந்தின் அளவு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் குறைந்துவிட்டது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது கணினியன்று. நோயின் காரணத்தைத் தேடிப்போன அறிவும், எல்லாப் பண்ணைகளும் சேர்ந்து கடைப்பிடித்த ஒழுங்குமே அதைக் கொண்டுவந்தன.

காட்டுச் சால்மனின் நிலையோ கவலைக்குரியது. கடலின் மாறுதல், பேன், கூண்டிலிருந்து தப்பிய மீன் காட்டு மீனோடு கலந்து இனத்தை நலிவிப்பது எனப் பல காரணங்களால் அது குறைந்து வருகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றுக்குத் திரும்பிய மீன் மிகவும் குறைந்துபோனதால், 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. தலைமுறை தலைமுறையாக அவ்வாறுகளில் மீன் பிடித்தவர்கள் அந்த ஆண்டு தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று.

ஊருக்கு உரிய பங்கு

கூண்டு நிற்பது பொதுக் கடலில். அதன் வருமானம் யாருக்கு? 1973-இல் நார்வே முதன்முதலாக உரிமச் சட்டம் செய்தபோது, சிறிய பண்ணைகள் கரையோர மக்களின் கையில் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். 1991-இல் மீன் வளர்ப்போரின் விற்பனைச் சங்கம் நொடித்துப்போயிற்று. உடைமை விதிகளும் தளர்த்தப்பட்டன. அதன் பின்னர் பண்ணைகள் பெருங்கம்பெனிகளின் கையில் சேரலாயின. கணினி அறை வந்த பிறகு, ஓர் அறையிலிருந்தே பல தீவுகளின் கூண்டுகளுக்குத் தீனி போடலாம். இதுவும் பெரியவர்களுக்கே அதிக வசதி.

ஆயினும் ஊர்ச் சபைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அங்கே உள்ளாட்சிக்குக் கொம்யூனே என்று பெயர். ஹித்ராவும் அதை அடுத்த ஃப்ரொயாவும் அத்தகைய தீவு உள்ளாட்சிகள். ஒவ்வொன்றிலும் மக்கள்தொகை சுமார் 5,000-தான். நம் பெரிய பஞ்சாயத்து ஒன்றுக்குள் அடங்கிவிடும். கரையோரக் கடலில் எந்தப் பகுதி பண்ணைக்கு, எந்தப் பகுதி மீன்பிடிக்கு, எது படகுத் துறைக்கு என்று திட்டம் வகுக்கும் அதிகாரம் கொம்யூனேக்கு உண்டு. அத்திட்டத்துக்கு முரணாகப் பண்ணை அமைக்க முடியாது. புதிய உற்பத்தி உரிமையை அரசாங்கம் விற்கும்போது கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, மீன் வளர்ப்பு நிதி ஒன்றின் வழியாக உள்ளாட்சிகளுக்கு வருகிறது. 2023 முதல் கடலில் சால்மன் வளர்ப்பில் கிடைக்கும் பெருலாபத்தின்மீது நூற்றுக்கு 25 வீதம் தனி வரியும் விதிக்கப்பட்டுள்ளது. அரசாங்கம் முதலில் கேட்டது 40. கடும் விவாதத்துக்குப் பின் 25 ஆயிற்று. பொதுக் கடலைப் பயன்படுத்துவதற்கு வாடகை தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நம் கரையிலும்

நம் தமிழ்நாட்டிலும் கடற்கூண்டில் மீன் வளர்க்கும் முயற்சி நடந்து வருகிறது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 2010-ஆம் ஆண்டில் கடல் விரால் மீனை முட்டையிடச் செய்து குஞ்சு பொரிப்பதில் வெற்றி கண்டனர். அதுமுதல் சுமார் 6 மீட்டர் அகலமுள்ள சிறு கூண்டுகளில் மீனவர் குழுக்கள் அதை வளர்க்கின்றன. நம் கரையோர இறால் குளங்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது, ஒருவர் குளத்து நீர் மற்றவர் குளத்துக்குள் புகுந்து எத்தனை குடும்பங்கள் கடனாளியாயின என்பது கரையோரத்தில் உள்ளவர்களுக்கு மறந்திராது.

நம் குளத்துக்காரர்களிடமும் காமிராவின் தத்துவம் முன்பே உண்டு. குளத்தின் ஓரத்தில் சிறு தட்டில் தீனியை வைத்து இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் தீனியைக் குறைக்கிறார்கள். விடியற்காலையில் இறால் கரையோரம் ஒதுங்கினால், பிராணவாயு குறைந்ததென்று உணர்ந்து காற்றூட்டிகளை ஓட்டுகிறார்கள். இப்போது இதே வேலைகளைச் செய்யும் அளவுகருவிகளும் கைப்பேசியில் சேதி சொல்லும் சாதனங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை கூடாதென்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவில் பிராணவாயு குறைந்தால் எழுப்பிவிடும் கருவி ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைக் காப்பாற்றலாம்.

ஆனால் அத்தகைய கருவி ஊருக்குள் வரும்போது பஞ்சாயத்து சில வார்த்தை கேட்டுத் தெளியவேண்டும். அது எதை அளக்கிறது? அளந்த கணக்கு குளத்துக்காரரிடமே இருக்குமா, விற்ற கம்பெனியிடம் போய்ச் சேருமா? ஒரு குளத்தில் நோய் கண்டால் அண்டைக் குளத்துக்காரர் அதை அன்றே அறிவாரா? கணக்குச் சரியில்லையென்றால் நீரை வெளியே விடாமல் நிறுத்தும் பொறுப்பு யாருடையது? நோயை அறிவித்தவருக்கு அவமானமும், மறைத்தவருக்கு லாபமும் கிடைக்கும் ஊரில் எத்தனை உயர்ந்த கருவியும் பயன் தராது. முதலில் அறிவித்தவருக்கு உதவி செய்வோம் என்று குளத்துக்காரர்கள் கூடி ஓர் ஒழுங்கு செய்துகொண்டால், ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்கூடப் பெரும் பலன் தரும்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சலித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று கணக்குப் பார்க்கும் வேலையை யந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அக்கணக்கை ஊரார் முன்னிலையில் விரித்து வைத்து, அதன்படி நடக்கும் வேலை நம்முடையதாகவே இருக்கும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பதைப் போல, குளத்தின் கணக்கையும் நீரின் கணக்கையும் படிக்கும் வழக்கத்தை இவ்வாண்டிலேயே நம் கரையோரப் பஞ்சாயத்துக்கள் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.